பரண்மேல் கிடக்கும் கருவிப் பெட்டி

(வீட்டுப் பழம்பொருள்களைப் பற்றித் திங்கள்தோறும் வெளிவரும் பகுதி)

அகளியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம் அன்பர்களிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்களுள் நான்கு ஒரே பொருளைப் பற்றியன. தந்தையோ பாட்டனாரோ மோட்டார் பட்டறையில் தொழில் செய்தவர். அவர் மறைந்தபின் அவருடைய கருவிப் பெட்டி பரண்மேல் கிடக்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் வந்து கிலோக் கணக்கில் விலை சொல்கிறார். கோவையிலிருந்து வரும் மற்றொருவரோ, "இது வெள்ளைக்காரர் காலத்துப் பெட்டி" என்று வியந்து கூறிவிட்டு, உள்ளேயிருந்து இரண்டு மூன்று ஸ்பானர்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் தனியே விலை பேசுகிறார். இவ்விருவருள் யார் சொல்வது மெய்? பெட்டி எக்காலத்தது என்று நாமே அறிந்துகொள்ள வழியுண்டா? இவையே அவர்கள் கேட்டுள்ள கேள்விகள்.

வழியுண்டு. அதற்குப் பெரிய படிப்பு வேண்டா. ஓர் அளவுகோலும், உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும், ஒரு நண்பகல் பொழுதும் போதும்.

ஆயினும், இந்த வேலையை மேற்கொள்வது ஏன் என்பதை முதலிற் சொல்லிவிடுதல் நலம். நம்மவருட் பலர் கோவைச் சீமையிலிருந்து ஆனைகட்டி வழியாக மலையேறி வந்து இங்கே குடியமர்ந்தவர்கள். நிலம் வாங்கியவருக்குப் பத்திரம் இருக்கிறது. தோட்டத்தில் வேலை பார்த்தவருக்குச் சம்பளச் சீட்டேனும் இருக்கும். புளியமரத்தடியில் ஜீப்பைக் கல்லில் ஏற்றி நிறுத்திப் பழுது பார்த்தவருக்கு என்ன சான்று இருக்கிறது? அவர் எங்கே தொழில் கற்றார், எவ்வெவ்வண்டிகளைத் திறந்து மூடினார், எக்காலத்தில் எது வாங்கினார் என்பவற்றையெல்லாம் எழுதிவைத்த ஏடு அந்தப் பெட்டி ஒன்றே. அதைப் படித்துப் பாராமல் தராசில் ஏற்றிவிட்டால் பிறகு படிப்பதற்கு வேறு படியில்லை.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளவேண்டும். கருவிப் பெட்டிக்கு ஒரே வயது கிடையாது. பெட்டிக்கு ஒரு வயது, உள்ளேயிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வயது, அடியில் விரித்த காகிதத்துக்கு ஒரு வயது, பூட்டுக்கு மற்றொன்று. மேலும், ஒரு பொருளிற் காணும் அடையாளம், "இது இன்ன ஆண்டுக்கு முற்பட்டதன்று" என்றுதான் பெரும்பாலும் சொல்லும். "இன்ன ஆண்டே செய்தது" என்று சொல்வது அரிது. பழைய முறை எவ்வளவோ காலம் நீடித்து நிற்கக் கூடும். புதிய முறை தோன்றுவதற்கு முன் இருந்திருக்க முடியாது. ஆகவே பழமையைத் தேடாமல் புதுமையைத் தேடுங்கள். பெட்டியில் காணப்படுவனவற்றுள் மிகப் புதியது எதுவோ, அதுவே அதன் வயதுக்கு எல்லை கட்டும்.

இனிப் பெட்டியைப் பார்ப்போம். அமெரிக்க நாட்டில் இக்கலை எளிது. ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் 1906 முதல் கெர்ஸ்ட்னர் நிறுவனத்தார் செய்துவரும் மரப் பெட்டிகளுக்கும், அதே மாநிலத்தில் 1911-இல் தொடங்கிய கென்னடி நிறுவனத்தாரின் இரும்புப் பெட்டிகளுக்கும் பெயர்ப் பட்டயமும் விலைப் பட்டியல்களும் உண்டு. பெட்டியைப் பட்டியலோடு ஒப்பிட்டால் காலம் தெரிந்துவிடும். நம் பக்கத்துப் பெட்டிகளோ பெரும்பாலும் கடைவீதித் தகரவேலைக்காரர் கைவேலை. அவர் தம் பெயரை எங்கும் பொறித்ததில்லை. எனவே வேலைப்பாட்டையே பார்க்கவேண்டியிருக்கிறது. மூலைகளைத் தகடு மடித்து, ரிவெட்டு என்னும் தறையாணி அடித்து இணைத்திருந்தால் அது பழைய முறை. ஆனால் சிற்றூர்த் தகரவேலைக்காரர் அம்முறையை நெடுங்காலம் கைவிடவில்லை. எனவே அதைக்கொண்டு ஒன்றும் துணிய முடியாது. இணைப்பு ஓரத்தில் சிறு சிறு வட்டக் குழிவுகள் வரிசையாகத் தெரிந்தால் அவை ஸ்பாட் வெல்டிங்கின் தழும்புகள். அவ்வாறு ஒட்டுவதற்கு மின்சாரமும் எந்திரமும் வேண்டும். ஆகவே அது பட்டறையிலோ தொழிற்சாலையிலோ பிறந்த பெட்டி. கீல், கைப்பிடி முதலியவற்றைப் பிணைத்துள்ள திருகாணியின் தலையில் ஒற்றைக் கீற்றுக்குப் பதில் சிலுவை வடிவக் குழி இருந்தால், அது 1936-க்குப் பிற்பட்டது. அமெரிக்கரான பிலிப்ஸ் என்பார் அவ்வகைத் திருகாணிக்கு அவ்வாண்டில்தான் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் அது பரவியது அதற்கும் பல்லாண்டு பின்னர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் படையினர் கழித்துவிட்ட சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றை "டிஸ்போசல் சரக்கு" என்பார்கள். தோட்டாக்கள் வைத்திருந்த இரும்புப் பெட்டிகள் பல அவ்வாறு மெக்கானிக்குகளின் கருவிப் பெட்டிகளாயின. பக்கத்திலோ மூடியிலோ தடித்த எழுத்தில் ஆண்டு பொறித்திருக்கும். வண்ணப் பூச்சு மூடியிருந்தால் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். நிழல் விழுந்து எழுத்து மேலெழும்.

பூட்டை நம்பவேண்டா. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைக் கண்டவுடன் நூறாண்டு என்று சொல்லிவிடுவோர் உளர். பூட்டு கெட்டால் மாற்றுவார்கள். சாவி தொலைந்தாலும் மாற்றுவார்கள்.

பூட்டைவிட எழுத்து நம்பத்தக்கது. மூடியின் உட்புறத்தில் விற்ற கடையின் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முகவரியில் ஆறிலக்கப் பின்கோடு எண் இருந்தால் அச்சீட்டு 1972 ஆகஸ்டு 15-க்குப் பிற்பட்டது. அந்த எண்முறை தொடங்கிய நாள் அது. "மதராஸ் மாநிலம்" என்றிருந்தால் பெரும்பாலும் 1969 சனவரி 14-க்கு முற்பட்டது. அன்றுதான் தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. விலை ரூபாய், அணா, பைசா என்று எழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், "ந.பை." என்று, அதாவது நயா பைசா என்று, இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். 1964 சூன் முதல் "நயா" என்னும் அடை நீங்கிவிட்டது. கடைக்காரர் பழைய சீட்டைத் தீரும்வரை ஒட்டுவது வழக்கமாதலின் ஓரிரண்டு ஆண்டு முன்பின்னாகக் கொள்க.

ஓட்டுநரும் மெக்கானிக்கும் பெட்டியின்மேல் வண்டி எண்ணை எழுதிவைப்பதுண்டு. நம் பகுதிக்கு இது மிகவும் பயன்படும். அட்டப்பாடி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்றுதான் கேரள மாநிலம் உருவாயிற்று. ஆகவே "கே.எல்." என்று தொடங்கும் எண் அதற்குப் பிற்பட்டதே. பாலக்காட்டு வண்டிகளுக்குக் "கே.எல்.பி." என்னும் மூவெழுத்து இருந்தது. இடுக்கி வண்டிகளுக்குக் "கே.எல்.ஐ.", அம்மாவட்டமே 1972 சனவரி 26-இல்தான் பிறந்ததாதலின் அவ்வெழுத்து அதற்கு முன் இருந்திருக்க முடியாது. 1989-இல் எழுத்துக்குப் பின் மாவட்ட எண் வரும் புதிய முறை வந்து, பாலக்காட்டுக்கு 9 என்னும் எண் கிடைத்தது. ஆகவே கே.எல்.பி. என்று எழுதிய பெட்டி 1956-க்கும் 1989-க்கும் இடையில் யாரோ ஒருவர் கையில் வேலை செய்துகொண்டிருந்தது என்று துணிந்து சொல்லலாம். அது செய்யப்பட்ட ஆண்டு வேறாகலாம்.

இனி உள்ளே. கருவிகளை எடுக்குமுன் அவை கிடக்கும் முறையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வேண்டியவை மேலேயும், எப்போதோ வேண்டியவை அடியிலும் கிடக்கும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உருப்பெருக்கியால் எழுத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் 1887-ஆம் ஆண்டுச் சட்டமும், நம் நாட்டில் 1889-ஆம் ஆண்டுச் சட்டமும் அயல்நாட்டுச் சரக்கின் வணிகக் குறிகளை ஒழுங்குபடுத்தின. அதன்பின் நாட்டின் பெயரைப் பொறிப்பது வழக்கமாயிற்று. "இங்கிலாந்தில் செய்தது" என்பது பொதுவாகக் காணப்படுவது. "செருமனி" என்று மட்டும் இருப்பதற்கும் "மேற்குச் செருமனி" என்று இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னது 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. கெடோர் என்னும் பெயர் கண்டவுடன் செருமானியக் கருவி என்று முடிவு செய்துவிடலாகாது. அது செருமனியின் ரெம்சைடு நகரில் 1919-இல் டோவிடாட் உடன்பிறந்தார் தொடங்கிய தொழிலின் பெயர். பின்னர் அதே பெயரில் இந்தியாவிலும் கருவிகள் செய்யப்பட்டன. எனவே பெயரோடு நாட்டையும் படியுங்கள். விடுதலைக்குப் பின் பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா நகரங்களில் கைக்கருவித் தொழில் பெருகிற்று. நாசிக்கில் டபாரியா நிறுவனம் எழுந்தது. அவற்றின் குறடும் திருப்புளியும் இல்லாத பெட்டியை நாம் இப்பக்கம் காண்பது அரிது.

பறவையின் கால்தடம்போல மூன்று கோடுகள் கூடிய அம்புக்குறி பொறித்திருந்தால் அது பிரிட்டிஷ் அரசுடைமைப் பொருள். பக்கத்திலேயே ஆண்டும் இருக்கும். 1941 முதல் 1945 வரையுள்ளவை மிகுதி. "எஸ்.ஐ.ஆர்." என்னும் மூன்று ஆங்கில எழுத்து இருந்தால் தென்னிந்திய ரெயில்வேக்காக வாங்கப்பட்டது, அந்த ரெயில்வே 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு ரெயில்வேயோடு இணைந்துவிட்டது. பொன்மலைப் பட்டறையின் கருவி உங்கள் பரணுக்கு எவ்வாறு வந்தது என்று இப்போது விசாரணை நடத்த வேண்டியதில்லை, ஏலத்திலும் வந்திருக்கலாம். மூணாற்றுப் பக்கத்துக் குடும்பங்களின் பெட்டிகளில் தேயிலைக் கம்பெனி எழுத்துகளும் காணக்கூடும். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துச் செல்லும்வரை அம்மலையில் சிறு ரெயில் பாதையே இருந்தது. எஞ்சின் இருந்த இடத்தில் ஸ்பானர் இல்லாதிருக்குமா? "ஐ.எஸ்.ஐ." முத்திரையோ, அம்முத்திரைக்கான சட்டம் வந்த 1952-க்குப் பிற்பட்டது என்ற அளவோடு நின்றுவிடும், இன்றும் அதே வடிவம் நடைமுறையில் இருப்பதால் அதனால் மேலெல்லை கிடையாது.

பளபளப்பும் பேசும். நிக்கல் பூச்சு சற்று மஞ்சள் கலந்த வெண்மை. குரோமியப் பூச்சு நீலம் கலந்த வெண்மை. கருவிகளுக்குக் குரோமியம் பூசுவது 1920-களின் நடுவில்தான் வணிகமுறையாக எழுந்தது. போர்க்காலத்தில் குரோமியம் கிடைக்காமல் பூச்சின்றிக் கறுப்பாகவே பல ஸ்பானர்கள் வெளிவந்தன. ஆகவே கறுப்பு என்றால் மிகப் பழையது என்று எண்ணிவிடலாகாது.

இதுகாறும் கூறியவை கண்ணுக்குத் தெரிபவை. வாய் திறந்து பேசுவது ஸ்பானரின் அளவேயாகும். இதனைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் வாங்க வருபவர்களும் இதனைச் சரியாக அறிந்திருப்பதில்லை.

பள்ளிக்கூட அளவுகோலால் ஸ்பானரின் வாயை, இரு தாடைகளுக்கும் இடையே, அளந்து பாருங்கள். அதில் 1/2 என்று பொறித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாய் அகலம் ஏறத்தாழ 12.7 மில்லிமீட்டர் இருந்தால், அதாவது உள்ளபடியே அரை அங்குலம் இருந்தால், அது அமெரிக்க முறை. அதே 1/2 என்று பொறித்த மற்றொரு ஸ்பானரின் வாய் 23.4 மில்லிமீட்டர் இருக்கும்! இது எழுத்துப் பிழையன்று. ஜோசப் விட்வர்த் என்னும் ஆங்கிலப் பொறிஞர் 1841-இல் திருகு மரைகளுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். அவர் முறையில் ஸ்பானரில் பொறிக்கும் எண் வாயின் அகலமன்று. அது எந்தப் போல்ட்டுக்குப் பொருந்துமோ அந்தப் போல்ட்டின் தண்டு விட்டம். அரை அங்குலப் போல்ட்டின் தலை அவ்வளவு பெரியது. 1908-இல் நுண்மரை ஒன்றும் ஏற்பட்டது. அதன் தலைகள் ஒரு படி சிறியவை. அதனால் "1/4 டபிள்யூ, 5/16 பி.எஸ்." என்று ஒரே வாய்க்கு இரண்டு எண் பொறித்த ஸ்பானர்களைக் காணலாம். அதன் வாய் 13.3 மில்லிமீட்டர்.

போர்க்காலத்தில் ஆங்கிலேயர் போல்ட்டு அமெரிக்க நட்டில் ஏறவில்லை. அமெரிக்கர் நட்டு ஆங்கிலேயர் போல்ட்டில் ஏறவில்லை. அந்தத் தொல்லை போதும் என்று 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒருமித்த மரையளவுக்கு உடன்பட்டன. அதன்பின் இங்கிலாந்திலிருந்து வந்த வண்டிகளிலும் அமெரிக்க முறை அங்குல ஸ்பானரே படிப்படியாக வழங்கலாயிற்று. மெட்ரிக் முறை வேறு வழியாக வந்தது. நம் நாடு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக்கை ஏற்றது. ஆனால் வண்டிகள் சட்டத்தைப் பார்த்து மாறவில்லை, எந்த நாட்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தனவோ அந்நாட்டு அளவையே மேற்கொண்டன.

இதை வைத்துக்கொண்டு பெட்டியைப் பாருங்கள். விட்வர்த் அளவுகள் நிறைந்திருந்தால் அவர் தேயிலைத் தொழிற்சாலை எந்திரங்களிலோ, நீர் இறைக்கும் பழைய ஆயில் எஞ்சின்களிலோ, போருக்கு முற்பட்ட ஆங்கில வண்டிகளிலோ, சென்னையில் 1955 முதல் செய்யப்பட்ட என்பீல்டு புல்லட்டிலோ கை வைத்தவர். அமெரிக்க முறை அங்குல அளவுகளில் 1/2, 9/16 இரண்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால் அவர் ஜீப்புக்காரர். மகேந்திரா நிறுவனத்தார் 1947 முதல் இந்நாட்டில் பூட்டத் தொடங்கிய ஜீப்பு அந்த அளவிலேயே நெடுங்காலம் நின்றது. 17, 19 என்னும் மெட்ரிக் எண்கள் தேய்ந்திருந்தால், 1954-இல் செருமானியரோடு கூட்டுச் சேர்ந்து டாட்டா நிறுவனத்தார் கொண்டுவந்த மெர்சிடிஸ் பென்ஸ் லாரியை எண்ணுங்கள். 10, 12, 14 என்னும் வரிசை தேய்ந்திருந்தால் சப்பானியர் கூட்டுறவு வந்த காலம்: 1983-இன் இறுதியில் மாருதி, 1984, 1985 ஆண்டுகளில் சுசுகி, ஹோண்டா, யமஹா கூட்டில் வந்த மோட்டார் சைக்கிள்கள்.

தேய்வு என்றது எதனை? வாயின் உள்முனைகள் மழுங்கி விரிந்திருத்தல். கைப்பிடியில் பூச்சு போய் வழுவழுப்பாயிருத்தல். வாங்கிய கருவி வேறு, வேலை செய்த கருவி வேறு. ஒரு பெட்டியில் முப்பது ஸ்பானர் இருந்தாலும் ஐந்தாறுதான் அவருடைய வாழ்க்கையைச் சுமந்திருக்கும். அவற்றை ஒதுக்கி வையுங்கள். ஓர் எச்சரிக்கை: அரை அங்குல ஸ்பானர் கிடைக்காதபோது 13 மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டித் திருப்புவது பட்டறை வழக்கம். ஓரளவு பிடிக்கும், நாளடைவில் போல்ட்டின் முனைகளைத் தின்றுவிடும். ஆகவே 13-ஆம் எண் ஸ்பானர் ஒன்று மட்டும் தேய்ந்திருப்பது கொண்டு மெட்ரிக் வண்டி என்று முடிவு கட்டாதீர்கள்.

இவ்வளவையும் ஒரு பெட்டியில் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் நேர்ந்தது. அகளிக்கும் கோட்டத்துறைக்கும் இடையில் உள்ள ஒரு வீட்டில், மறைந்த மாமனாரின் பெட்டியை மருமகளார் எடுத்துக் காட்டினார். "எங்க மாமனார் இருந்த வரைக்கும் இதை ஒருத்தரையும் தொட விடமாட்டாருங்க" என்றார். கேரளம் பிறப்பதற்கு முன்பே இப்பெட்டியைத் தலையில் வைத்து மாமனார் மலையேறி வந்தார் என்பது குடும்பத்தார் சொல்லிவரும் செய்தி. அதற்கு ஆதாரமாக 1943 என்று ஆண்டும் அம்புக்குறியும் பொறித்த ஸ்பானரை நீட்டினார்கள்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் மூலைகளில் ஸ்பாட் வெல்டிங் தழும்பு. மூடிக்குள் கோவைக் கடைச்சீட்டு பாதி கிழிந்திருந்தது. எஞ்சிய பாதியில் 641 என்று தொடங்கும் ஆறிலக்க எண் இருந்தது. அப்பெட்டி 1972-க்கு முன் இருந்திருக்க இயலாது. குடும்பத்தார் முகம் வாடிற்று. ஆனால் கதை அங்கே முடியவில்லை. கருவிகளைத் துடைக்கத் துடைக்க, கூர்முனை ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் வெளிவந்தன. பெரும்பாலானவற்றில் மாமனாரின் முதலெழுத்து. ஏழு கருவிகளில் மட்டும் வேறோர் எழுத்து. அதன் அருகிலேயே, பின்னாளில் குத்தியதாய், மாமனாரின் எழுத்து. 1943-ஆம் ஆண்டு ஸ்பானர் அந்த ஏழனுள் ஒன்று. அவ்வேழும் ஒன்றுவிடாமல் பழைய அளவின, கைப்பிடியெல்லாம் தேய்ந்தவை. ஒரு கை ஓய்ந்தபின் மற்றொரு கைக்கு மாறிய கருவிகள் அவை.

அவ்வீட்டு முதியவர் ஒருவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது: கோவையில் மாமனாருக்குத் தொழில் கற்பித்த ஆசான் ஒருவர் இருந்தார், அவர் பெயரின் முதலெழுத்து அதுவே என்றார். மலையேறி வந்தபோது மாமனார் கொண்டுவந்தது ஒரு சாக்குப்பையாகவும் இருக்கலாம். பெட்டி பின்னால் வாங்கியது. ஆகவே குடும்பத்தார் சொல்லிவந்ததில் பெட்டி தவறியது, கருவி நின்றது. அவர் எந்த ஆண்டில் வந்தார் என்பதைக் கருவியைக் கொண்டு சொல்லிவிட முடியாது. 1943-இல் செய்த ஸ்பானர் 1960-இலும் கைமாறியிருக்கலாம். இதனை வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். 1/2, 9/16 இரண்டும் வாய் விரிந்து கிடந்தமையால் அவர் ஆயுள் முழுதும் ஜீப்பையே பார்த்தவர் என்பதில் ஐயமில்லை. 10, 12 எண்கள் புத்தம் புதியனபோல் இருந்தன. வாங்கினார், ஆனால் புதிய வண்டிகள் அவர் கைக்கு அதிகம் வரவில்லை.

கோவையிலிருந்து வந்தவர் கேட்டது எவை தெரியுமா? அந்த ஏழனுள் மூன்றை! அம்புக்குறிப் பொருள்களைத் தேடித் திரட்டுவோர் நாட்டில் இருக்கிறார்கள். அவருக்கு அது தெரிந்திருந்தது. ஆசானின் எழுத்து அவருக்கு வெறும் கீறல்.

அம்மையார்க்குப் பணம் வேண்டியிருந்தது. பிள்ளையின் படிப்புச் செலவு இருக்கும்போது, "விற்காதே, போற்றிப் பாதுகாத்திடு" என்று அறிவுரை கூறுவது எளிது. அவ்வறிவுரையை யான் கூறவில்லை. ஒரே அளவில் இரண்டிரண்டாக இருந்தவற்றையும், எழுத்துக் குத்தாதவற்றையும், பெரிய பைப்பு ஸ்பானரையும் ஒருங்கே விற்கலாம் என்று பிரித்துக் கொடுத்தேன். அவற்றை உக்கடத்துப் பழங்கருவிக் கடையில் கருவியென்றே விற்றார்கள். இரும்பு விலைக்கு மேல் கிடைத்தது. எழுத்துக் குத்தியவை வீட்டில் இருக்கின்றன. தொழிற்பயிற்சி நிலையத்திற் படிக்கும் பெயரன் அவற்றுள் இரண்டை இப்போதே எடுத்துப் புழங்குகிறான். தேய்ந்த வாயுடைய ஸ்பானரைப் புழங்காதே, போல்ட்டைக் கெடுக்கும் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

நீங்கள் உங்கள் பெட்டியை இறக்கும்போது செய்யத்தகாதன சில உண்டு. உப்புத்தாளிட்டுத் தேய்க்க வேண்டா. எழுத்து அழிவது ஒருபுறமிருக்க, பழைய நாளில் இரும்புக்கு அடிப்பூச்சாகச் செவ்வீயம் பூசுவது வழக்கம். அதைத் தேய்த்தெடுத்த தூள் நஞ்சு. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அத்தூள் பறக்கலாகாது. புதிய வண்ணம் பூசவும் வேண்டா. துருவுக்கு மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் போதும். துடைத்தபின் தையல் எந்திர எண்ணெய் சிறிது தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாட்பட்டால் பிசினாகும். மூடியின்மேல் படிந்திருக்கும் சந்தனமும் குங்குமமும் அழுக்கல்ல. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று வைத்த பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும், அவற்றைக் கழுவிவிடாதீர்கள். அடியில் விரித்த செய்தித்தாளைக் கிழித்தெறியாமல், நாளும் ஊரும் தெரியும் பகுதியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அது அப்பெட்டியை யாரோ கடைசியாக ஒழுங்குபடுத்திய காலத்தைச் சொல்லும்.

பெட்டியிலுள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: என்ன கருவி, என்ன பொறித்திருக்கிறது, வாயளவு எத்தனை மில்லிமீட்டர், எங்கே தேய்வு, எந்த எழுத்துக் குத்து. பள்ளி நோட்டில் இரண்டு பக்கத்துக்கு மேல் வராது. வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு எழுதுங்கள். கருவியைக் கையில் எடுத்தவுடன் அவர்களுக்குப் பெயர்கள் நினைவுக்கு வரும். எழுதி முடிக்கும்வரை வாங்க வருபவரை வாயிலிலேயே நிறுத்தி வையுங்கள். அவ்வாறு எழுதிய பட்டியலைச் சங்கத்துக்கு அனுப்பினால் நமக்குத் தெரிந்த அளவில் காலம் குறித்துத் திருப்பி அனுப்புவோம். படம் தெளிவாக இருக்கட்டும், பக்கத்தில் அளவுகோலை வைத்து எடுங்கள்.

அடுத்த திங்கள், தையல் எந்திரங்களின் வரிசை எண்ணைக்கொண்டு அவற்றின் ஆண்டை அறியும் முறை பற்றி எழுதுவோம்.